செடி வாடினால் உடனே பூவாளியைத் தூக்காதீர்கள்

மதியம் 2 மணி வெயிலில் மாடிக்குப் போகிறீர்கள். காலையில் நிமிர்ந்து நின்ற பீர்க்கங்கொடி இலைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. மனம் பதறுகிறது. கை தானாகப் பூவாளிக்குப் போகிறது. தொட்டிச் செடிகளை நோயைவிட இந்தப் பதற்றம்தான் அதிகமாகக் கொல்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

தண்ணீர் இல்லாத செடியும் வாடும், தண்ணீரில் மூழ்கிய செடியும் வாடும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில்தான் அந்தக் காற்று இருக்கிறது. அந்த இடைவெளிகளில் நாள் முழுக்கத் தண்ணீரே நின்றால் வேருக்கு மூச்சு முட்டும், தண்ணீரை உறிஞ்சுகிற வேலை நின்றுபோகும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தில் தவிக்கும். அதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம். சில நாளில் வேர் அழுகி, தண்டின் அடி கறுத்து, செடி சாய்ந்துவிடும். "தினமும் தண்ணீர் விட்டேனே, அப்படியும் போய்விட்டதே" என்று வருந்துகிறவர்கள் பலர். போனதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் "தினமும்"தான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பீர்க்கு, பூசணி, சுரை போன்ற அகன்ற இலைக் கொடிகளுக்கு உச்சி வெயிலில் இலை இழக்கும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. மண்ணில் நல்ல ஈரம் இருக்கும்போதே இலை தொங்கும். சாயங்காலம் 6 மணிக்குப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து நிற்கும். அதற்கு எந்த வைத்தியமும் தேவையில்லை.

ஆக, ஒரே வாட்டத்துக்கு மூன்று காரணங்கள். ஒன்றுக்குத் தண்ணீர் விட வேண்டும், ஒன்றுக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டும், ஒன்றுக்குச் சும்மா இருக்க வேண்டும். எது என்று கண்டுபிடிக்க 10 நொடி போதும். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். வெளியே எடுக்கும்போது விரலில் ஈரமண் ஒட்டியிருந்தால் தண்ணீர் வேண்டாம். உலர்ந்த பொடியாக உதிர்ந்தால் விடலாம். தொட்டியின் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். இரண்டு வாரம் தூக்கிப் பார்த்தால் ஈரத் தொட்டியின் கனமும் காய்ந்த தொட்டியின் கனமும் கைக்குப் பழகிவிடும். மண்ணை முகர்ந்தும் பாருங்கள். புளித்த வாடையோ அழுகல் வாடையோ வந்தால் வடிகால் துளை அடைத்திருக்கலாம். தொட்டியையோ செடிப் பையையோ இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் இருக்கும் துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள்.

செடி வளர்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பயிற்சி எதுவும் இல்லை என்பது என் எண்ணம். பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்ததும் இன்னொரு டியூஷனில் சேர்க்கிறோம். அவன் படிப்பு போதாமல் தடுமாறுகிறானா, படித்துப் படித்துக் களைத்துப்போய்த் தடுமாறுகிறானா என்று பார்ப்பதில்லை. வேலையில் கவனம் சிதறினால் இன்னும் இரண்டு மணி நேரம் கூட உட்காருகிறோம், உண்மையில் போதாமல் போனது தூக்கமாக இருக்கும். இரண்டு வாட்டமும் வெளியே ஒன்றுபோலத் தெரிவதால் கையில் எது இருக்கிறதோ அதையே ஊற்றுகிறோம். விரல் விட்டுப் பார்க்கிற அந்த 10 நொடியைப் பழக்கமாக்கிக்கொண்டவர்களுக்கு மற்ற இடங்களிலும் அந்த நிதானம் மெல்ல வந்து சேரும்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

"காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டு" என்பது வயற்காட்டில் புழங்கும் பேச்சு. காய விட்டுப் பாய்ச்ச வேண்டும், பாய்ச்சியபின் காய விட வேண்டும். மேல் மண் கொஞ்சம் காய்ந்தால்தான் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே படர்ந்து நின்றுவிடும். சித்திரை வெயில் வந்ததும் முதலில் வாடுவது அந்தச் செடிதான்.

விடும்போது முழுதாக விட வேண்டும். 15 லிட்டர் பையில் காய்த்துக்கொண்டிருக்கும் தக்காளிக்குக் கடுங்கோடையில் நாளுக்கு 2 லிட்டர்வரைகூடத் தேவைப்படலாம். அதே பைக்குக் கார்த்திகை மழையில் நாலைந்து நாள் ஒரு சொட்டும் வேண்டியிருக்காது. "தினமும் காலை ஒரு மக்" என்கிற கணக்கு இரண்டு பருவத்திலும் தப்பு.

ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியபின் நடக்கிற தவறு ஒன்று உண்டு. மண் முழுக்கக் காய்ந்து, சுருங்கி, தொட்டியின் ஓரத்தை விட்டு விலகி நிற்கும். போன வாரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் 3 லிட்டர் ஊற்றினால் தண்ணீர் அந்த ஓர இடைவெளி வழியாக இறங்கி, அடியில் ஓடிவிடும். கீழே தண்ணீர் வந்துவிட்டதே என்று திருப்தியாகத் திரும்புவோம். நடுமண் தூளாகவே கிடக்கும். செய்ய வேண்டியது வேறு: முதலில் ஓர மண்ணைக் கொத்தி இடைவெளியை மூடுங்கள். அரை லிட்டர் ஊற்றிப் 10 நிமிடம் விடுங்கள். மறுபடி அரை லிட்டர், மறுபடி 10 நிமிடம். மூன்றாவது தடவை மண் நன்றாகவே குடிக்கும். சிறிய தொட்டியாக இருந்தால் ஒரு டப்பில் கால்வாசித் தண்ணீர் வைத்து, அதில் அரை மணி நேரம் நிறுத்திவிடலாம். மண் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

பல மாதம் விட்டுப்போன பழக்கத்தை ஒரே நாளில் ஈடுகட்ட நினைக்கிறவர்களுக்கு இந்தத் தொட்டியைத்தான் காட்டத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை ஒரே அமர்வில் ஆறு மணி நேரம் படித்தாலும், முதல் நாளே 5 கிலோமீட்டர் ஓடினாலும், பெரும்பகுதி அடியில் ஓடிவிடும். காய்ந்த மண்ணுக்கு முதலில் உறிஞ்சும் பதம் வர வேண்டும்.

தக்காளிப் பழத்தின் அடி கறுத்து, அமுங்கி, தோல்போல ஆகும் கோளாறு ஒன்றும் இதோடு சேர்ந்தது. பூச்சி கடித்ததோ என்று மருந்து அடிப்பார்கள். அது பூச்சியும் இல்லை, தொற்றுநோயும் இல்லை. பழத்தின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறோம். முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். தவிர, பல நேரம் மண்ணில் அந்தச் சத்து போதுமான அளவு இருக்கவே செய்கிறது. அதைச் சுமந்து போக வேண்டிய தண்ணீர்தான் இரண்டு நாள் வெள்ளமாகவும் மூன்று நாள் வறட்சியாகவும் வருகிறது. தண்ணீரை ஒரே சீராக விட்டு, மண்மேல் 2 அங்குலத்துக்குக் காய்ந்த சருகோ வைக்கோலோ மூடாக்குப் போட்டால், அடுத்து வரும் காய்கள் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏற்கெனவே கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள்.

முளைக்கும் முன் தோண்டுகிற விரல்

மண் கலவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விதைக்கு வருகிறேன். செம்மண் 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை கழுவிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அதில் உப்பு இருக்கும், கழுவாமல் போட்டால் இளஞ்செடியின் இலை ஓரம் கருகும். மக்காத பச்சைச் சாணத்தைப் போடாதீர்கள், மக்கும்போது சூடு கிளம்பி வேரைத் தாக்கும். கலவையை நனைத்து, ஒரு வாரமாவது ஆற வைத்து நடுவது நல்லது.

இனி விதை. தக்காளி முளைக்க 5 முதல் 8 நாள், கத்தரிக்கு ஒரு வாரம் பத்து நாள், மிளகாய்க்கு 8 முதல் 14 நாள் ஆகும். வெயிலும் விதையின் வயதும் பொறுத்து முன்பின் இருக்கும். மிளகாய் போட்டவர்களில் பலர் ஐந்தாம் நாளே விரலால் மண்ணைக் கிளறிப் பார்ப்பார்கள். விதையிலிருந்து முதலில் வருவது வேர். நூல்போல வெள்ளையாக ஒரு முனை வெளியே வந்து, கீழ்நோக்கி வளைந்து, மண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் தண்டு மேலே கிளம்பும். மேலே ஒன்றும் தெரியாத அந்த நாட்களில்தான் பெரிய வேலை நடக்கிறது. கிளறுகிற விரல் உடைப்பது அந்த வெள்ளை முனையைத்தான். அது முறிந்துபோனால் அந்த விதையை மறந்துவிட வேண்டியதுதான். "கடையில் கொடுத்த விதை சரியில்லை" என்ற முடிவுக்கும் வந்துவிடுவோம்.

கிளறாமல் இருக்க ஒரு வழி: விதைத்த அன்றே ஒரு ஐஸ்குச்சியில் பெயர், விதைத்த தேதி, முளைக்கக்கூடிய கடைசித் தேதி மூன்றையும் எழுதிச் செருகிவிடுங்கள். மிளகாய்க்கு 14 நாள் என்று குச்சியில் இருக்கும்போது ஐந்தாம் நாள் கை குறுகுறுக்காது. புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிறவர்களுக்கும் இது உதவும். வீணையோ தட்டச்சோ நீச்சலோ, "இத்தனை வாரத்துக்குப் பலனைப் பற்றி நினைக்கமாட்டேன்" என்று முதல் நாளே தேதி போட்டு வைத்துவிட்டால் பத்தாம் நாளில் "நமக்கு இது வராது" என்று தோண்டிப் பார்க்கிற ஆசை அடங்கும்.

சில விதைக்குக் கொஞ்சம் உதவி வேண்டும். பாகல் விதையின் ஓடு கெட்டி, ஒரு இரவு ஊறப்போட வேண்டும். கொத்தமல்லியைச் செருப்பாலோ உருட்டுக்கட்டையாலோ லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். முளைக்கீரை விதையை நாலு மடங்கு உலர் மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. சுற்றிலும் கொஞ்சம் ரவையோ அரிசி மாவோ தூவிவிட்டால் எறும்பு அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். விதையின் தடிமனைப்போல இரண்டு மடங்கு ஆழம் போதும். கீரை விதையை அரை அங்குலம் புதைத்தால் அது வெளிச்சத்தைப் பார்க்காமலே தீர்ந்துபோகும்.

முளைத்தபின் வருகிற ஆபத்து நாற்றழுகல். நேற்று வரை நன்றாக நின்ற நாற்று மண்மட்டத்தில் நூல்போல இளைத்து, அப்படியே படுத்துவிடும். நெருக்கமாக விதைப்பதும் சொதசொதவென்று ஈரம் வைப்பதும்தான் முக்கியக் காரணங்கள். இதைத் தடுக்க நோய்க்கிருமியை அடக்கும் நுண்ணுயிர்த் தூளில் விதையைப் புரட்டி விதைப்பதை விதை நேர்த்தி என்பார்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சை, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா என்பது பொதுவான அளவு. வீட்டுக்கு வாங்கும் சிறு பொட்டலத்துக்கு இரண்டு சிட்டிகை தூளில் புரட்டி எடுத்தால் போதும். அதைவிட முக்கியம் இடைவெளி.

நண்டு ஓட, வண்டி ஓட

"நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு நரியோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட" என்று இடைவெளிக்கு நம் ஊரில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பயிருக்குப் பயிர் எவ்வளவு இடம் வேண்டும் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. தொட்டியில் நாம் அதை மறந்துவிடுகிறோம். 15 லிட்டர் பையில் மூன்று தக்காளி நாற்று வைக்கிறோம், ஏனென்றால் மூன்றும் நன்றாக இருக்கின்றன.

முள்ளங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழிக்கு இரண்டு விதை போடுவது சரி, ஒன்று முளைக்காமல் போகலாம். இரண்டும் முளைத்துவிட்டால், வித்திலைக்குப் பிறகு இரண்டு உண்மையான இலை வந்ததும் ஒன்றைக் கலைக்க வேண்டும். செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இருக்கட்டும். பிடுங்காதீர்கள், பக்கத்துச் செடியின் வேரும் சேர்ந்து ஆடும். சின்னக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டினால் போதும், வெட்டியதைச் சாம்பாரிலோ பொரியலிலோ போட்டுக்கொள்ளலாம். பீட்ரூட்டில் ஒரு விதை என்று நாம் நினைப்பதே பல விதைகள் சேர்ந்த ஒரு கொத்து, அதனால் ஒன்றைப் போட்டாலும் இரண்டு மூன்று முளைக்கும். கலைக்காவிட்டால் இலை மட்டும் செழிப்பாக வரும். நாற்பது நாள் கழித்து இழுத்துப் பார்த்தால் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு வேர் இருக்கும்.

கலைக்க மனம் வராது. நோயாளிச் செடியை எடுத்து எறிவது எளிது. நன்றாக இருக்கிற ஒன்றை, நாமே விதைத்து முளைத்ததை வெட்டுவதுதான் கஷ்டம். வாழ்க்கையிலும் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கெட்ட பழக்கத்தை விட எல்லாரும் அறிவுரை சொல்வார்கள். ஒரே நேரத்தில் ஒரு மொழி, ஓர் இசைக்கருவி, உடற்பயிற்சி, ஒரு சான்றிதழ்ப் படிப்பு என்று நாலு நல்ல விஷயத்தை நட்டு வைத்திருப்பவர் அதில் இரண்டைக் கலைக்க வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாலும் பச்சையாகத்தான் இருக்கும், எதிலும் கிழங்கு இறங்காது.

நாற்றைப் பிடுங்கி நடும் பருவம் தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 நாள் வாக்கில். மாலையில் நடுங்கள். தக்காளியை மட்டும் தண்டு பாதி புதையும்படி ஆழமாக வைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். நட்ட ஒரு வாரம் செடி அப்படியே நிற்கும். அந்த வாரத்தில் உரம் போட்டுவிடாதீர்கள். இடம் மாறிய வேர் முதலில் மண்ணைப் பிடிக்கட்டும். புது ஊருக்கோ புது வேலைக்கோ போனவர்களிடம் முதல் மாதத்திலேயே சாதனையை எதிர்பார்க்கிற மேலாளர்களுக்கு, ஏன், தங்களிடமே எதிர்பார்க்கிறவர்களுக்கும், ஒரு தக்காளி நாற்றை நட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

மேலே சுருண்டதா, கீழே சுருண்டதா

மிளகாய்ச் செடி வளர்க்கிற எல்லாரும் ஒருநாள் சொல்வது: "இலை சுருண்டுவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் பக்கம் சுருண்டது என்பதுதான்.

கொழுந்தைக் கையில் பிடித்துக் கிட்டத்தில் பாருங்கள். இலையின் இரண்டு ஓரமும் மேலே தூக்கி, படகுபோல் குழிந்திருந்தால் அது இலைப்பேன் என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. ஓரம் கீழ்நோக்கி வளைந்து, கவிழ்த்துவைத்த படகுபோல் இருந்து, இலைக்காம்பும் நீண்டிருந்தால் அது மஞ்சள் முரணைச் சிலந்தி; வீட்டில் வலை பின்னும் சிலந்தி இல்லை, இலைச் சாற்றை உறிஞ்சும் மிக நுண்ணிய உயிர். இலை சிறுத்து, தடித்து, நரம்பு நெளிந்து, செடி முழுதும் குட்டையாகி, வெள்ளை ஈயும் பறந்தால் அது வைரஸாக இருக்கக்கூடும். ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்குக் கீழே பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். வெளிர்மஞ்சளில் ஊசிமுனை போல ஏதாவது ஊர்ந்தால் இலைப்பேன். சிலந்தி வெறுங்கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது, 10 மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும். சிலந்திக்குப் பூச்சிமருந்து கேட்காது, அது பூச்சி வகையே இல்லை. நனையும் கந்தகத் தூளைப் பொட்டலத்தில் குறித்த அளவில் பயன்படுத்துவார்கள், அதையும் கடும் வெயிலில் தவிர்க்க வேண்டும். வேப்பெண்ணெய் தெளித்த உடனேயே கந்தகம் அடிக்கக்கூடாது. வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கி எடுத்துவிட்டு, பக்கத்துச் செடிகளைக் காக்க மஞ்சள் ஒட்டும் அட்டை வைப்பதுதான் வழி.

இந்த மூன்றுக்கும் ஒரே மருந்தை அடிக்கிறவர்கள் இன்னொரு நஷ்டத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். செடியில் வேலை செய்துகொண்டிருந்த நல்ல பூச்சிகளும் போய்விடும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்த்த அவரைக் கொழுந்தில் கறுப்பாக, முள் முள்ளாக, முதலைக் குட்டிபோல் ஒரு புழு நடமாடும். பார்த்தால் பயமாக இருக்கும், நசுக்கத் தோன்றும். அது பொறிவண்டின் புழு. கறும்புள்ளி போட்ட சிவப்பு வண்டாக மாறிய பிறகு எல்லாரும் ரசிக்கிற அதே பூச்சிதான். அசுவினியைத் தின்று குறைப்பதே அதன் வேலை. மாவுப்பூச்சியைத் தின்னும் இன்னொரு வகைப் பொறிவண்டின் புழுவோ உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு நூலோடு பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். அவசரத்தில் சீப்பால் வழித்து எறிகிறோம்.

இதில் தமிழ்நாடு நேரில் கற்ற பாடம் ஒன்று உண்டு. 2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாக ஒட்டவில்லை, அடித்த மருந்து அதன் எதிரிகளையும் சேர்த்துக் கொன்றது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தன. அசெரோபேகஸ் பப்பாயே என்பது அவற்றில் முக்கியமானது, எறும்பைவிடச் சிறியது. அந்தக் குளவி பிழைக்க வேண்டுமானால் தோட்டத்தில் மருந்து அடிப்பதை நிறுத்த வேண்டியிருந்தது. கண்ணெதிரே மரம் வெளுத்துக்கொண்டிருக்கும்போது மருந்துக் கருவியைக் கீழே வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இலை மஞ்சளாவதிலும் இதே கவனம் வேண்டும். அடியிலிருக்கும் பழைய இலைகள் வெளிறி மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, செடி பழசிலிருந்து எடுத்துப் புதிதுக்குக் கொடுக்கிறது. மேலே கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விடும் வீடுகளில் இது அடிக்கடி வரும். அடியில் ஒரே ஒரு இலை மஞ்சளாகி உதிர்ந்தால் அதற்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

வெட்டினால்தான் பூ

மல்லிகைக்கு நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்வார்கள். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மீதியை வெட்டுவது நடைமுறை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இந்தக் கத்திக்குத் தப்புவதில்லை. மல்லிகை புதிய தளிரில்தான் மொட்டு வைக்கும். பழைய கொம்பு எவ்வளவு தழைத்திருந்தாலும் அதில் பூ வராது. வெட்டியபின் ஒரு மாதம் குச்சிகள் மொட்டையாக நிற்கும், பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். மார்ச்சில் பூக்கத் தொடங்கும். தொட்டி மல்லிக்கும் இதே கணக்குதான்: காய்ந்த குச்சி, உள்பக்கம் குறுக்கே போகும் குச்சி, மெலிந்த குச்சி மூன்றையும் முதலில் எடுத்துவிட்டு, மீதியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, ஒரு கைப்பிடி மண்புழு உரத்தோடு மேல் மண்ணைக் கிளறிவிடுங்கள். கத்தரி கூராக இருக்க வேண்டும், மொக்கைக் கத்தரியில் குச்சி நசுங்கி நுனியிலிருந்து காயும்.

முருங்கை இதைவிட வேடிக்கை. விதை போட்டு வளர்க்கும் செடிமுருங்கையை அப்படியே விட்டால் ஒற்றைத் தண்டாக மேலே ஓடிவிடும், காய் கைக்கு எட்டாது, காற்றடித்தால் முறியும். 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும், ஏறக்குறைய இரண்டாம் மாதத்தில், நுனியைக் கிள்ள வேண்டும். உச்சிக்குப் போய்க்கொண்டிருந்த வேகம் பக்கக் கிளைகளுக்குப் பிரியும். மரம் படரும், காயும் கூடும். காய்த்து முடித்த மரத்தை 90 சென்டிமீட்டரில் வெட்டிவிட்டால் நாலைந்து மாதத்தில் மறுதாம்பு, அதாவது வெட்டிய அடியிலிருந்து துளிர்த்த கிளைகள், காய்க்கும்.

எதை வெட்டுவது என்பதைவிட எப்போது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கொளுத்தும் வெயிலிலோ, நட்ட மூன்றாம் வாரத்திலோ, நோயில் இருக்கும்போதோ கவாத்து செய்தால் செடி தாங்காது. வேர் பலமாக இருக்கும்போது, தளிர்விடும் பருவத்துக்குச் சற்று முன் செய்ய வேண்டும். வேலையை விடுவது, படிப்பை மாற்றுவது, ஒரு பொறுப்பைக் கைகழுவுவது போன்ற முடிவுகளை உடம்பும் மனமும் துவண்ட நாளில் எடுக்காதீர்கள் என்று சொல்வதற்கு எனக்கு இருக்கும் காரணமும் இதுதான்.

நோட்டுப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, என்ன பார்த்தேன், என்ன செய்தேன் என்று மூன்று பத்தி. "என்ன பார்த்தேன்" என்பதை முதலில் நிரப்பாமல் மூன்றாவதுக்குப் போகக்கூடாது என்பதுதான் ஒரே விதி. "மிளகாய் 2: மேல் நாலு இலை மேல்நோக்கிச் சுருள். தாளில் தட்டினேன், நாலைந்து ஊர்ந்தன. வேப்பெண்ணெய் 5 மில்லி." இவ்வளவு எழுத ஒரு நிமிடம் ஆகாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். உரம், தண்ணீர், இடம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. பட்டுப்போனாலும் தெரியாது. மாற்றியபின் 7 நாள் பொறுங்கள். பழைய சுருண்ட இலை நிமிராது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மருந்து அடித்தபின் வருகிற புதுக்கொழுந்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சகவ்யம் தெளித்தால் லிட்டருக்கு 30 மில்லி, அதாவது 3 சதவீதம். 60 மில்லி விட்டால் இரண்டு மடங்கு வளராது. இரண்டு தொட்டியில் ஒன்றுக்குத் தெளித்து, ஒன்றை விட்டுவைத்தால் நோட்டே உங்களுக்குச் சொல்லிவிடும்.

கோபம், தூக்கம், செலவு என்று எதைச் சரிசெய்ய நினைத்தாலும் இதே மூன்று பத்தியை வைத்துக்கொள்ளலாம். "இன்று மூன்று முறை கத்தினேன்" என்று எழுதுவது பாதி. அதற்கு முன் எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், எவ்வளவு தூங்கினேன் என்பதையும் எழுதினால்தான் மேலே சுருண்டதா கீழே சுருண்டதா என்பது தெரியும்.

ஒரு வருடம் எழுதிய நோட்டில் சில பக்கங்களில் மூன்றாம் பத்தி காலியாகவே இருக்கும். சித்திரையில் தக்காளிப் பூ கொட்டுவது அப்படி ஒன்று. பகல் 35 டிகிரியையும் இரவு 24, 25 டிகிரியையும் தாண்டினால் மகரந்தம் சரியாக உருவாகாது. நிழல்வலை கொஞ்சம் உதவும், மற்றபடி ஆடிப்பட்டம் வரை பொறுக்க வேண்டும். சுரையில் முதல் இரண்டு வாரம் பூத்துப் பூத்து உதிர்வதும் அப்படித்தான். அவை ஆண்பூக்கள், அடியில் பிஞ்சோடு பெண்பூ பின்னால் வரும். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். தேனீ வராத மாடியாக இருந்தால் அப்போது ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிட வேண்டும். காலையில் போனால் இரண்டும் வாடியிருக்கும்.

மார்கழியில் கறிவேப்பிலைக்கு வரும் பக்கமும் அந்த வகைதான். குளிரில் கறிவேப்பிலை தளிர்விடுவதைக் குறைத்துக்கொள்ளும். இலை மங்கும், சில உதிரும். உரம் போட்டாலும் எடுத்துக்கொள்ளாது, வழக்கம்போல் தண்ணீர் விட்டால் வேர்தான் கெடும். அந்தப் பக்கத்தில் எழுத வேண்டியது: "கறிவேப்பிலை. கொழுந்து இல்லை, ஏழு இலை மஞ்சள், பூச்சி இல்லை. விரல் விட்டேன், ஈரம் இருக்கிறது. தண்ணீர் விடவில்லை. தை முடியப் பார்க்க வேண்டும்."